குளிரில் உறங்கிய வண்டி

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தமிழாசிரியர் ஒருவர், மோட்டார் வண்டியின் பாட்டரியைப் பற்றிக் கட்டுரை வரையப் புகுந்தால், துறை நண்பர்கள் புன்னகை புரிவது இயல்பே. "உமக்கும் காரீயத்துக்கும் கந்தக அமிலத்துக்கும் என்ன உறவு?" என்று அவர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு. இரண்டு திங்கள் காலம் ஒரு பாட்டரியைப் பேணும் பணி நம் தலைமேல் விழுந்தது. அப்பணி நமக்குக் கற்பித்தவற்றை மாணவச் செல்வங்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள இம்மலரின் பக்கங்களைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் நடுவில் ஒரு நள்ளிரவு. தொலைபேசி ஒலித்தது. கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத் தலைநகராகிய எட்மண்டனில் வாழும் நம் தமக்கையார் பேசினார். மச்சானுக்குப் பக்கவாதம் தாக்கிவிட்டது, வலக்கையும் வலக்காலும் செயலிழந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. இவ்வளவையும் அழுகையினூடே சொல்லி முடித்தார்.

இங்கு ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மச்சானும் நாமும் ஆறாண்டுகளாக மனம்விட்டுப் பேசியதில்லை. அத்தா மறைந்தபின், 2017இல் ஊர் வீட்டை விற்பது குறித்து எழுந்த வாக்குவாதத்தில் நாம் சில கடுஞ்சொற்களைச் சொல்லிவிட்டோம். அதன்பிறகு இரு பெருநாள்களிலும் தொலைபேசியில் இரண்டு நிமிடம் நலம் விசாரிப்பதோடு உறவு நின்றது. "நல்லா இருக்கீங்களா மச்சான்?" "நல்லா இருக்கேன் மாப்பிள்ளை." அவ்வளவுதான். தொடர்பு அறுந்துவிடவில்லை என்று நாம் நம்மையே தேற்றிக்கொண்டிருந்தோம்.

தமக்கையாருக்கு ஒரே மகன். அவனும் தொலைவிலுள்ள வேறொரு மாநிலத்தில் பயின்றுகொண்டிருந்தான். பருவ விடுமுறையோடு ஊதியமில்லா விடுப்பையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டு, டிசம்பர் முதல் வாரத்தில் எட்மண்டன் போய்ச் சேர்ந்தோம். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வெண்பனி. மார்கழிப் பனிக்கே போர்வை தேடும் நமக்கு அந்தக் குளிர் வேறோர் உலகமாக இருந்தது.

மறுவாழ்வு மருத்துவமனையில் மச்சானைக் கண்டோம். நம்மைக் கண்டதும் அவர் கண்கள் நிறைந்தன. நெடுநேரம் உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை. இறுதியில் ஒரே ஒரு சொல் வந்தது: "வண்டி."

நமக்கு விளங்கவில்லை. வெளியே வந்தபின் அக்கா விளக்கினார். "பேச்சு வந்த நாளிலிருந்து இதே கேள்விதான் தம்பி. கார் ஓடுதா, ஓடுதான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. விலைக்குக் கேட்டு ஆள் வந்துச்சு. கொடுத்துட்டேன்னு எப்படி இவர்கிட்டே போய்ச் சொல்லுவேன்?" அந்த வண்டியை அவர் பத்தாண்டுகளுக்கு மேலாக ஓட்டியவர். மீண்டும் ஓட்டுவாரா என்பதற்கு மருத்துவர்கள் உறுதி எதுவும் கூறவில்லை. தாம் மீண்டும் எழுவோமா என்னும் வினாவைத்தான் அவர் வண்டியின் பெயரால் கேட்கிறார் என்பது அன்றிரவு படுக்கையில்தான் நமக்குப் புரிந்தது.

வண்டியோ ஓடவில்லை. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது; ஆனால் சாவியைத் திருப்பத் தெரியும். "சும்மா நின்னா பாட்டரி போயிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாரம் இருமுறை கொட்டகைக்குச் சென்று, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி வந்திருக்கிறார். நவம்பர் இறுதியில் ஒருநாள் 'டிக், டிக்' என்ற ஒலியோடு வண்டி அடங்கிவிட்டது. தாம் ஏதோ கெடுத்துவிட்டோம் என்ற அச்சத்தில் அதன்பின் அவர் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். கனரக வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் நாற்பதாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். நம் முகவாட்டத்தைக் கண்டு, தாமாகவே மின்னழுத்தமானியை எடுத்துக்கொண்டு வந்தார். பாட்டரியின் இரு முனைகளிலும் அதன் கம்பிகளை வைத்தார். 11.7 வோல்ட் என்று காட்டியது. தலையை அசைத்தார். அன்று தொடங்கியது நம் பாடம். அவர் ஆசான், நாம் மாணாக்கர்.

மோட்டார் வண்டியின் பாட்டரி என்பது ஆறு அறைகள் கொண்ட பெட்டி. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். எனவே முழுமையாக மின்னேற்றம் பெற்று, சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. பன்னிரண்டு வோல்ட் பாட்டரிதானே, பன்னிரண்டு இருந்தால் போதாதா என்று நாம் கேட்டோம். முதியவர் சிரித்தார். பன்னிரண்டு என்பது முழுமையன்று. முக்கால் பங்கு வற்றிய நிலை. அதற்கும் கீழே போய்விட்ட 11.7 எந்நிலை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நின்றுகொண்டிருக்கும் வண்டி மின்சாரத்தை உண்ணுமா என்பது நம் அடுத்த ஐயம். உண்ணும். சாவியை எடுத்தபின்னும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை மணி, கணிப்பொறிகளின் நினைவகம் ஆகியவை விழித்தே இருக்கின்றன. அவை இழுக்கும் மின்னோட்டம் சிறிது. 30 மில்லிஆம்பியர் என்று கொள்வோம். நாளொன்றுக்கு அது 0.72 ஆம்பியர்-மணி ஆகிறது. ஐம்பது நாளில் 36 ஆம்பியர்-மணி. சிறு காரின் பாட்டரி 60 ஆம்பியர்-மணி அளவினது என்றால், பாதிக்கு மேல் வற்றிவிட்டது. சொட்டுச் சொட்டாக ஒழுகியே குடம் காலியாகிறது.

அக்காவின் ஐந்து நிமிட ஓட்டம் அந்த ஒழுக்கை ஏன் ஈடுசெய்யவில்லை? எஞ்சின் மெதுவாக ஓடுகையில் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் குறைவு. அதிலும் வெப்பக்காற்று விசிறி, பின்கண்ணாடியின் பனி நீக்கி, விளக்குகள் ஆகியவை தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவதை ஏற்கவோ, குளிர்ந்து கிடக்கும் பாட்டரி தயங்குகிறது; குளிரில் அதன் வேதிவினை மந்தம். ஆக, கிளப்பும்போது செலவானதும் வாரம் முழுவதும் ஒழுகியதும் திரும்பவில்லை. அன்றியும், சூடேறாத எஞ்சினில் எரிபொருள் எரிந்து பிறக்கும் நீராவி, எண்ணெயிலும் புகைபோக்கியிலும் நீராகத் தங்கித் துருவுக்கு வழிசெய்கிறது. கதவு மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டாலோ, கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சுக்காற்று உயிருக்கே உலை வைக்கும். "பாட்டரி போனது ஒரு பொருட்டே அன்று, உங்கள் சகோதரி உயிரோடிருப்பதற்கு மகிழுங்கள்" என்று முதியவர் கூறியபோது நம் உள்ளம் நடுங்கியது.

நாம் அவசரப்பட்டு உடனே மின்னேற்றலாமே என்றோம். அவர் தடுத்தார். பாட்டரியினுள் இருப்பது கந்தக அமிலமும் நீரும் கலந்த நீர்மம். முழு மின்னேற்றம் உள்ளபோது அமிலம் செறிவாக இருப்பதால், அது உறைவதற்குச் சுழியத்துக்குக் கீழே 50 பாகைக்கும் தாழ்ந்த குளிர் வேண்டும். மின்சாரம் வற்ற வற்ற அமிலம் காரீயத் தகடுகளில் படிந்துவிட, எஞ்சுவது ஏறக்குறைய நீரே. பாதி வற்றியது ஏறத்தாழச் சுழியத்துக்குக் கீழே 25 பாகையிலும், முற்றும் வற்றியது 10 பாகையை ஒட்டியும் உறைந்துவிடும். உறைந்தால் பெட்டி புடைக்கும், தகடுகள் சிதையும். உறைந்த பாட்டரியில் மின்னேற்றினால் வெடிக்கவும் கூடும். நல்வாய்ப்பாக அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்தில் குளிர் இன்னும் கடுமையாகவில்லை. பெட்டி புடைக்கவில்லை, விரிசலும் இல்லை.

முதலில் எதிர்முனைக் கம்பியையும் பிறகு நேர்முனைக் கம்பியையும் கழற்றினார். நேர்முனையை முதலில் கழற்றும்போது திருகுக் கருவி வண்டியின் உலோக உடம்பைத் தொட்டுவிட்டால் தீப்பொறி பறக்கும். எதிர்முனை முதலில் விலகிவிட்டால் அந்த இடர் இல்லை. மாட்டும்போது இதற்குத் தலைகீழ் வரிசை. வெப்பமூட்டப்பட்ட தம் கொட்டகைக்குப் பாட்டரியைக் கொண்டுபோய், ஒருநாள் வைத்திருந்து இதமாக்கி, பிறகு குறைந்த மின்னோட்டத்தில் இரவும் பகலும் மெல்ல ஏற்றினார். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும் என்பதால் காற்றோட்டத்துக்கு வழிசெய்தார்.

பாட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்ததும் நமக்கு ஓர் ஐயம். தரையில் வைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்று ஊரில் கேள்விப்பட்டிருந்தோம். மரத்தாலும் கெட்டி ரப்பராலும் பெட்டி செய்த பழங்காலத்தில் ஈரத்தின் வழியே கசிவு ஏற்பட்டதுண்டாம். இக்காலப் பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்த அச்சம் இல்லை என்றார். காரணம் மறைந்த பின்னும் நம்பிக்கை நிலைத்துநிற்கும் கதைகளுள் இதுவும் ஒன்று.

ஓய்ந்தபின் அளந்தோம்: 12.6. பாட்டரி பிழைத்துக்கொண்டது. ஆயினும் முழு வலிமை திரும்பாது என்று எச்சரித்தார். வற்றிய நிலையில் நாள்பட விட்டால், தகடுகளில் படிந்த காரீய சல்பேட்டு கடினப் படிகமாக இறுகிவிடுகிறது. பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் அதில் ஒரு பகுதி கரைவதில்லை. காலத்தே கவனித்திருந்தால் அந்த இழப்பு நேர்ந்திராது.

பின்னர்ப் பாட்டரியை வண்டியில் பொருத்திப் பேணும் கருவி ஒன்றை இணைத்துத் தந்தார். பழைய மின்னேற்றிகள் போல அது ஓயாமல் மின்சாரத்தைத் திணிப்பதில்லை. பாட்டரி நிறைந்ததும் 13.2 முதல் 13.6 வோல்ட் வரையிலான மென்மையான அழுத்தத்துக்கு இறங்கி, ஒழுகியதை மட்டும் நிரப்பும். அளவுக்கு மீறி ஏற்றினால் நீர் சிதைந்து ஆவியாகிப் பாட்டரி கெடும். குறையினும் கேடு, மிகினும் கேடு என்பது உணவுக்கு மட்டுமன்று, பாட்டரிக்கும் பொருந்துகிறது. சிவப்புப் பிடியை நேர்முனையிலும், கறுப்புப் பிடியைப் பாட்டரியிலிருந்து விலகிய உலோகப் பகுதியிலும் மாட்டிய பின்னரே சுவரில் செருக வேண்டும் என்பதை மும்முறை சொல்லச் செய்து மனப்பாடமாக்கினார். மாணவரை ஒப்பிக்கச் சொல்லியே பழகிய நமக்கு அது நல்ல தண்டனை!

கருவி இணைந்திருக்கும்போது அளந்தால் உண்மை நிலை தெரியாது. எனவே வியாழன் இரவு அதைக் கழற்றிவிட்டு, வெள்ளி காலையில் அளப்பது வழக்கமாயிற்று. அளந்த எண்ணை மருத்துவமனைக்குச் சென்று மச்சானிடம் சொல்வோம். முதல் வாரம், "பன்னிரண்டு புள்ளி ஆறு, மச்சான்" என்றோம். அவர் திரும்பச் சொல்ல முயன்றார். "பன்... பன்..." என்பதோடு நின்றுவிட்டது. பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் இதைக் கண்டு, அவருக்கு அக்கறையுள்ள சொல்லாதலால் இதையே பயிற்சியாக்கலாம் என்றார். அடுத்த வாரம் "பன்னிரண்டு" முழுதாக வந்தது. மூன்றாம் வாரம் "புள்ளி" வந்தது. எழுத்து எழுத்தாக, அசை அசையாக ஒரு மனிதர் தம் தாய்மொழியை மீட்டெடுப்பதை அருகிருந்து கண்டோம். அசை பிரித்து அலகிடக் கற்பித்த இத்தனை ஆண்டுகளில், ஓர் அசையின் விலை இன்னதென்று அன்றுதான் அறிந்தோம்.

2024 ஜனவரி 13, சனிக்கிழமை. எட்மண்டன் வட்டாரத்தில் குளிர் சுழியத்துக்குக் கீழே 40 பாகையை ஒட்டியிருந்தது. மாலையில் வீட்டிலிருந்த கைப்பேசிகள் எல்லாம் ஒருசேர அலறின. மாநிலத்தின் மின்வழங்கல் நெருக்கடியில் இருக்கிறது. இன்றியமையாத தேவைக்கு மட்டும் மின்சாரத்தைப் பயன்படுத்துங்கள். மின்கார்களுக்கு மின்னேற்றுவதையும் எஞ்சின் சூடேற்றிகளைச் செருகுவதையும் தள்ளிவையுங்கள் என்பது செய்தி. அக்கா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். நாம் கொட்டகையின் வாசலில் நின்றோம். பேணும் கருவி உண்பது மிகச் சொற்ப மின்சாரமே. அதைக் கழற்றுவதால் மாநிலம் பிழைக்கப்போவதில்லை. ஆனால் 40 பாகைக் குளிரில் பாட்டரி சற்றே வற்றியிருந்தாலும் உறைந்துவிடுமே! மச்சானின் முகம் கண்முன் வந்தது. நான்கு வாரம் சேர்த்த அசைகள் நினைவுக்கு வந்தன.

அடுத்த வீட்டு முதியவர் தம் வாசல் விளக்கையும் அணைத்துவிட்டிருந்தார். அவரிடம் கேட்டோம். "நிறைந்த பாட்டரி ஒரு வாரம் தாங்கும். நிறைத்து வைத்ததே இப்படிப்பட்ட இரவுக்காகத்தானே?" என்றார். கழற்றிவிட்டோம். எல்லாரும் இப்படிச் சிறிது சிறிதாகக் கழற்றியதால், சில நிமிடங்களுக்குள்ளேயே மாநிலத்தின் மின்தேவை ஏறத்தாழ 150 மெகாவாட் குறைந்தது என்றும், இருளில் மூழ்கும் நிலை தவிர்க்கப்பட்டது என்றும் பின்னர் அறிந்தோம்.

அன்றிரவு உறக்கமில்லை. விடிந்ததும் ஓடினோம். குளிரில் அளவுக் கருவியின் திரையே மந்தமாகிவிட்டது. எண்கள் மெல்ல மெல்லத் தெளிந்தன. 12.6.

அந்த இரவின் தனிமையில் ஒன்று உறைத்தது. பெருநாள்தோறும் நாம் பேசிய அந்த இரண்டு நிமிடங்கள், அக்காவின் ஐந்து நிமிட எஞ்சின் ஓட்டம் போன்றவையே. ஒலி கேட்டது, ஆகையால் உயிர் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டோம். உள்ளேயோ நாள்தோறும் ஒழுகிக்கொண்டிருந்தது. படிந்த கசப்பு படிகமாக இறுகிக்கொண்டிருந்தது.

ஜனவரி இறுதியில் ஊர் திரும்ப வேண்டிய நாள். மச்சானின் கட்டிலருகே அமர்ந்தோம். மன்னிப்புக் கேட்கும் சொல்வளம் அவரிடம் இல்லை. இருந்தாலும், கேட்க வேண்டியவர் அவரல்லர். ஊர் வீட்டுச் செய்தியில் நாம் பேசியது பிழை என்று சொன்னோம். ஆறாண்டுகள் தாமதித்ததும் பிழை என்றோம். அவர் நெடுநேரம் நம்மையே பார்த்தார். பிறகு இடக்கையால் நம் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, "பன்னிரண்டு... புள்ளி... ஆறு" என்று முழுமையாகச் சொல்லிச் சிரித்தார். அதற்கு மேல் அங்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

நாம் புறப்பட்டபின் வெள்ளிக்கிழமைதோறும் அளக்கும் பொறுப்பை அக்கா ஏற்றார். ஏப்ரலில் பனி உருகியது. மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். ஒருநாள் காணொளி அழைப்பு வந்தது. வண்டி முதல் திருப்பலிலேயே உறுமிக் கிளம்பியதைக் கண்டோம். ஓட்டுநர் இருக்கையில் மச்சான் இல்லை. அவர் கைத்தடியோடு பின்னிருக்கையில் இருந்தார். ஓட்டுநர் இருக்கையில், பழகுநர் உரிமம் பெற்ற நம் அக்கா! அருகில் அவர் மகன். ஐம்பத்து நான்கு வயதில், சாவியைத் திருப்ப மட்டுமே தெரிந்திருந்தவர் தம் கணவரை மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்றார். நாம் எதற்காக அந்தப் பாட்டரியைக் காத்தோமோ அது நடக்கவில்லை. நாம் எண்ணியும் பாராத ஒன்று நடந்தது.

நம் நாட்டில் பாட்டரி குளிரில் உறையும் இடர் ஏது என்று வினவலாம். உறையாது; ஆனால் வெப்பம் அதன் வாழ்நாளைக் குறைக்கிறது. 2020இல் ஊரடங்கின்போது மாதக்கணக்கில் நின்ற வண்டிகள் பலவும் கிளம்ப மறுத்ததைப் பலரும் அறிவோம். நின்றிருக்கும் வண்டியும் உண்கிறது என்னும் விதி எட்மண்டனுக்கும் நம்மூருக்கும் பொதுவானது. நெடுநாள் நிறுத்துவதானால் முழுதும் மின்னேற்றி, எதிர்முனையைக் கழற்றி வைப்பதோ, பேணும் கருவியை இணைப்பதோ நலம்.

அன்பு மாணவர்களே, உங்களுள் பலர் நாளை கடல்கடந்து செல்வீர்கள். வண்டிகளை மட்டுமன்றி, பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் ஊரில் நிறுத்திவிட்டுச் செல்வீர்கள். பெருநாளுக்கு இரண்டு நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வாரம் ஒருமுறையேனும் அமர்ந்து, உண்மையான அளவு என்ன என்று கேட்டறியுங்கள். வெள்ளிக்கிழமை காலைகளில் நம் தொலைபேசி இப்போதும் ஒலிக்கிறது. மறுமுனையில் மச்சான் முதலில் எண்ணைச் சொல்கிறார். பிறகு நலம் விசாரிக்கிறார். நாம் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.